கேட்டலினா கடல் ரோந்து குண்டுவீச்சு விமானம்

கேட்டலினா, அமெரிக்காவின் கன்சாலிடேட்டட் நிறுவனம் வடிவமைத்த இரட்டை எஞ்சின் பறக்கும் படகு. அமெரிக்கக் கடற்படைப் பதிவேடுகளில் இது பிபிஒய். முதல் இரண்டு எழுத்துகள் ரோந்து, குண்டுவீச்சு என்ற வேலைகளையும், கடைசி எழுத்து நிறுவனத்தையும் குறிக்கும். கேட்டலினா என்பது பிரிட்டன் விமானப்படை இட்ட பெயர். 1941-ல் அமெரிக்கர்களும் அதையே ஏற்றுக்கொண்டனர். அமெரிக்கா, கனடா, சோவியத் ஒன்றியம் மூன்றிலும் சேர்த்து 3,000-க்கும் மேற்பட்ட விமானங்கள் கட்டப்பட்டன. வேறு எந்தப் பறக்கும் படகும் இவ்வளவு எண்ணிக்கையில் உருவானதில்லை. ரோந்தில் மணிக்குச் சுமார் 200 கி.மீ. வேகத்தில்தான் பறக்கும் என்பதால் இரண்டாம் உலகப் போர் தொடங்கும்போதே இது பழைய விமானமாகக் கருதப்பட்டது. ஆனால் தேடும் பணிக்கு வேகத்தைவிட வானில் நீண்ட நேரம் தங்கும் திறனே முக்கியம். அந்தத் திறனில் கேட்டலினாவை மிஞ்சியவை மிகக் குறைவு. அதன் மாதிரிகளின் வரலாறு, கூடிக்கொண்டே போன எடைக்கும் இந்தத் தாக்குப்பிடிக்கும் திறனுக்கும் நடுவே நடந்த பேரம்.

அமைப்பு

பசிபிக்கின் தொலைதூரத் தீவுகளைக் காவல் காக்க அமெரிக்கக் கடற்படை 1933-ல் புதிய விமானம் கேட்டது. கன்சாலிடேட்டட் பொறியாளர் ஐசக் லேடன் வடிவமைத்த முன்மாதிரி 1935 மார்ச் 28 அன்று முதன்முறை பறந்தது. 31.7 மீட்டர் நீள இறக்கை, விமானத்தின் உடலைத் தொடாமல் நடுவில் ஒற்றைத் தூண்மேல் நிற்கிறது. எஞ்சின்கள் கடல்நீர்த் தெறிப்புக்கு எட்டாத உயரத்தில் இருப்பதற்கு இதுவே காரணம். பக்கவாட்டு மிதவைகள் பறக்கும்போது மேலே மடங்கி இறக்கை முனைகளாகவே மாறிவிடும். தனி எரிபொருள் தொட்டிகள் வைக்காமல் இறக்கையின் உட்புறத்தையே கசியாதபடி அடைத்துத் தொட்டியாக்கினார்கள். அப்படி மிச்சமான எடையெல்லாம் கூடுதல் பறக்கும் நேரமாயிற்று.

இறக்கையைத் தாங்கும் அந்தத் தூணுக்குள்தான் விமானப் பொறியாளரின் இருக்கை. இரண்டு எஞ்சின்களுக்கும் இடையே, இருபுறமும் சிறு ஜன்னல் கொண்ட கூண்டில் உட்கார்ந்து, எரிபொருள் கலவையையும் வெப்பத்தையும் மணிக்கணக்கில் கவனிப்பார். மிதவைகளை இறக்கி ஏற்றுவதும் அவர் வேலையே. விமானிக்கும் அவருக்கும் இடையே கட்டளைகள் சிறு விளக்குப் பலகை வழியாகவும் சென்றன.

மாதிரிகள்

பிபிஒய்-1 1936 அக்டோபரில் பணிக்கு வந்தது. 2, 3, 4 ஆகிய எண்களில் பெரிய மாற்றம் இல்லை. ஒவ்வொன்றிலும் கருவிகள் சற்றே திருந்தின, பிராட் அண்ட் விட்னி எஞ்சினின் திறன் 900 குதிரைத்திறனிலிருந்து மெல்ல ஏறிற்று. கடைசியாகக் கட்டிய சில பிபிஒய்-4 விமானங்களில் உடலின் இருபுறமும் நகரும் கதவுக்குப் பதிலாகப் புடைத்த கண்ணாடிக் குமிழ்கள் வந்தன. கேட்டலினாவை அடையாளம் காட்டும் உறுப்பு இதுதான். குமிழுக்குள் உட்காரும் காவலர் கீழேயும் பின்னேயும் தடையின்றிப் பார்க்கலாம்; அவரது துப்பாக்கியும் அங்கேதான் இருந்தது.

1,200 குதிரைத்திறன் எஞ்சின்களுடன் வந்த பிபிஒய்-5 போர்க்காலத்தின் முதன்மை மாதிரி. அதில் உள்மடங்கும் மூன்று சக்கரங்களைப் பொருத்தியது 5ஏ. இதன் முன்மாதிரி 1939 நவம்பரில் பறந்தது. சக்கரங்கள் எடையைக் கூட்டிப் பறக்கும் தூரத்தைக் குறைத்தன. ஆனால் நீர் உறையும் வடபுலங்களிலும் தரைத் தளங்களிலும் அவை இல்லாமல் வேலை நடக்காது. அந்த விலை கொடுக்கத் தக்கதே என்று சொல்லலாம். 5ஏ-யையே கனடா விமானப்படை கான்சோ என்று அழைத்தது.

வடிவமைப்பில் மிகத் தேர்ந்தது என நான் கருதுவது, பிலடெல்பியாவில் கடற்படையின் சொந்தத் தொழிற்சாலை கட்டிய பிபிஎன்-1 நோமாட். முன்பகுதி கூர்மையாக்கப்பட்டது, வால் உயர்ந்தது, இறக்கை வலுவடைந்தது, எரிபொருள் கொள்ளளவு பெருகியது. ஆனால் கட்டப்பட்ட சுமார் 155-ல் பெரும்பாலானவை சோவியத் ஒன்றியத்துக்குப் போய்விட்டதால் அமெரிக்கப் படைகளில் அது அதிகம் புழங்கவில்லை. உயர்ந்த வாலை மட்டும் பிற்கால பிபிஒய்-6ஏ ஏற்றுக்கொண்டது. போயிங்கின் வான்கூவர் தொழிற்சாலை கட்டிய பிபி2பி-2-விலும் அதே வால்தான். சோவியத் ஒன்றியம் உரிமம் பெற்றுத் தானே கட்டியது ஜிஎஸ்டி.

போரில்

1941 மே 26 அன்று வட அயர்லாந்தின் லாக் எர்ன் ஏரியிலிருந்து கிளம்பிய பிரிட்டன் கேட்டலினாதான், தப்பிச் சென்றுகொண்டிருந்த ஜெர்மன் போர்க்கப்பல் பிஸ்மார்க்கை மறுபடி கண்டுபிடித்தது. மறுநாள் அக்கப்பல் மூழ்கியது. 1942 ஜூனில் மிட்வே போரில் ஜப்பானியக் கப்பல்களை முதலில் பார்த்ததும் கேட்டலினாக்களே. அன்றிரவே டார்பிடோ ஏந்திச் சென்ற நான்கு 5ஏ விமானங்களில் ஒன்று அகெபோனோ மாரு என்ற எண்ணெய்க் கப்பலைத் தாக்கியது.

இலங்கையில் நடந்தது சற்று விரிவாகச் சொல்ல வேண்டியது. காலிக்கு அருகே கொக்கலை ஏரி பிரிட்டன் விமானப்படையின் பறக்கும் படகுத் தளம். கனடாவின் 413-வது அணி அங்கு வந்து இறங்கிய சில நாட்களில், 1942 ஏப்ரல் 4 அன்று, விமானி லெனர்ட் பர்ச்சால் தன் குழுவுடன் தெற்கே நெடுந்தொலைவு ரோந்து சென்றார். மாலை நெருங்கும்போது அடிவானத்தில் புள்ளிகள் தெரிந்தன. நெருங்கிப் பார்த்தபோது அது ஜப்பானிய அட்மிரல் நாகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல் படை. வானொலியில் செய்தி போய்க்கொண்டிருக்கும்போதே ஜீரோ போர் விமானங்கள் சுட்டு வீழ்த்தின. ஒன்பது பேரில் மூவர் இறந்தனர்; அறுவர் போர் முடியும்வரை ஜப்பானியச் சிறையில் இருந்தனர். அந்தச் செய்தியால் கொழும்புத் துறைமுகத்திலிருந்து பல கப்பல்கள் முன்னதாகவே வெளியேற முடிந்தது. மறுநாள், ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பு குண்டுவீச்சுக்கு உள்ளானது. கார்ன்வால், டார்செட்ஷயர் ஆகிய இரு பிரிட்டன் போர்க்கப்பல்களும் அன்றே கடலில் மூழ்கின. ஆகவே பர்ச்சாலின் எச்சரிக்கை எல்லாவற்றையும் காத்துவிட்டது என்று சொல்வது மிகை. ஆனாலும் துறைமுகம் நிறையக் கப்பல்கள் நின்றிருந்தால் இழப்பு எத்தனையோ மடங்கு பெருகியிருக்கும். சென்னையை அடுத்த செங்குன்றம் ஏரியிலும் 1942 முதல் கேட்டலினாக்கள் இயங்கி வங்கக் கடலைக் கண்காணித்தன.

பசிபிக்கில் இதன் மெதுவான வேகமே ஒரு உத்தியாயிற்று. பகலில் எளிதாக மாட்டிக்கொள்ளும் இந்த விமானங்களைக் கரும்பூச்சு பூசி, ரேடார் பொருத்தி, இரவில் ஜப்பானியச் சரக்குக் கப்பல்களைத் தாக்க அனுப்பினார்கள். கருப்புப் பூனைகள் என்ற பெயர் அவற்றுக்கு நிலைத்தது. ஆஸ்திரேலியக் கேட்டலினாக்கள் மணிலா வரை போய்த் துறைமுக வாயில்களில் கண்ணிவெடி இட்டன. ஜிப்ரால்டர் நீரிணையில் எஞ்சினை நிறுத்தி நீரோட்டத்தோடு நழுவிய ஜெர்மன் நீர்மூழ்கிகளை, காந்தப்புல மாறுதலை உணரும் கருவியோடு தாழப் பறந்த அமெரிக்கக் கேட்டலினாக்கள் கண்டுபிடித்தன. 1944 பிப்ரவரி 24 அன்று அகப்பட்ட யு-761 அவற்றில் முதலாவது.

மீட்புப் பணி தனி அத்தியாயம். அமெரிக்கப் போர்க்கப்பல் இந்தியானாபோலிஸ் மூழ்கி நாட்கணக்கில் நீரில் மிதந்தவர்களுக்காக, 1945 ஆகஸ்ட் 2 அன்று விமானி ஏட்ரியன் மார்க்ஸ் அலை உயர்ந்த திறந்த கடலிலேயே தம் 5ஏ-யை இறக்கினார். 56 பேரை ஏற்றிக்கொண்டார்; உள்ளே இடம் போதாமல் பலரை இறக்கையின்மேல் பாராசூட் கயிற்றால் கட்டிவைத்தார். அதன்பின் விமானம் பறக்கும் நிலையில் இல்லை. மீட்புக் கப்பல் வரும்வரை அது மிதக்கும் புகலிடமாக இருந்தது.

பிற பயன்கள்

1943 முதல் 1945 வரை குவாண்டாஸ் நிறுவனம் ஐந்து கேட்டலினாக்களைக் கொண்டு பெர்த்துக்கும் கொக்கலைக்கும் இடையே அஞ்சலையும் ஒருசில பயணிகளையும் ஏற்றிச் சென்றது. சுமார் 5,600 கி.மீ. இடைநில்லாப் பயணம், 27 முதல் 33 மணி நேரம் பிடிக்கும். ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயம் பார்க்கலாம். எதிரி கேட்டுவிடாதபடி வானொலியை அடக்கி, விண்மீன்களை அளந்தே வழி கண்டார்கள்.

போருக்குப் பின் எஞ்சியவை பயணிகள் விமானமாகவும், காட்டுத்தீ அணைக்க நீர் சுமப்பனவாகவும் மாறின. 1948-ல் மக்காவ் அருகே கடத்தப்பட்டு விழுந்து நொறுங்கிய மிஸ் மக்காவ் ஒரு கேட்டலினாதான். பயணிகள் விமானக் கடத்தல்களில் முதலாவதாகப் பொதுவாகக் குறிப்பிடப்படுவது அதுவே. பிரேசில் விமானப்படை அமேசான் ஆற்றுப்பகுதிச் சேவையில் 1980-களின் தொடக்கம் வரை கேட்டலினாக்களைப் பறக்கவிட்டது.