சுவரில் ஒரு கை, குடைக்குள் இருவர்

ஜப்பானில் சிறுமியருக்கான மங்காக்களை (சித்திரக்கதைகளை) புரட்டினால் இந்தக் காட்சி எப்படியும் கண்ணில் படும். நாயகி சுவரோரம் ஒதுங்கி நிற்பாள்; நாயகன் அவள் தலைக்குப் பக்கத்தில் உள்ளங்கையால் ஓங்கி அறைந்து வழியை மறிப்பான். இதற்குப் பெயர் 'கபெதோன்'. கபெ என்றால் சுவர். தோன், அப்படி அறையும்போது எழும் ஓசை. இந்தக் காட்சி இடம்பெறும் வத்தனாபே அயுவின் 'எல்-டி-கே' மங்கா 2014இல் திரைப்படமாக வந்தது. அதே ஆண்டு, நாட்டின் புதுச்சொல் விருதுப் பட்டியலில் முதல் பத்துக்குள் கபெதோனும் இடம்பிடித்தது.

ஒரே குடைக்குள் இருவர் நடக்கும் 'ஐ-ஐ-கசா' இதைவிட மிகப் பழையது. 1760களில் சுஸுகி ஹரூனொபு வரைந்த மரஅச்சு ஓவியத்தில், கருப்பு உடுத்திய ஆணும் வெள்ளை உடுத்திய பெண்ணும் பனியில் ஒரு குடைக்குள் வருகிறார்கள். அவள் உடையின் வெண்மைக்குள் தெரியும் மடிப்புகள் மை படாமல் அழுத்தி எடுக்கப்பட்டவை. இன்றும் பள்ளிக் கரும்பலகையில் யாராவது ஒரு குடையைக் கிறுக்கி, காம்புக்கு இருபுறமும் இரண்டு பெயர்களை எழுதினால் போதும், வகுப்பே கேலியில் இறங்கிவிடும். ஒரு குடைக்குள் போனால் ஊர் கண்ணில் படத்தான் வேண்டும். 'என் அண்டை வீட்டு தோத்தோரோ' (1988) படத்தில் சிறுவன் கந்தா, மழைக்கு ஒதுங்கி நிற்கும் சத்சுகியிடம் தன் குடையைத் திணித்துவிட்டு நனைந்துகொண்டே ஓடுகிறான். கூட நடக்கும் துணிச்சல் அவனுக்கு இல்லை என்றே எனக்குப் படுகிறது.

இரண்டுமே இருவரை நெருக்கத்தில் நிறுத்துகின்றன. ஆனால் சுவரோரத்தில் அந்த நெருக்கத்தை முடிவு செய்பவன் ஒருவன் மட்டுமே. மங்காவில் அது இனிக்கக் காரணம், அடுத்த கட்டத்தில் அவளுடைய படபடப்பும் மனசுக்குள் ஓடும் பேச்சும் வந்துவிடுவதுதான். அவளுக்கும் விருப்பம் உண்டு என்று வாசகிக்குத் தெரிந்துவிடுகிறது. அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மிரட்டல். அலுவலகத்திலோ பள்ளியிலோ நிஜமாகவே ஒருவன் இப்படிச் செய்தால் அப்படித்தான் இருக்கும்.

குடைக்கு அந்த உத்தரவாதம் தேவையில்லை. பிடிக்காவிட்டால் அவள் ஓரடி விலகலாம், நனைவதோடு போயிற்று. விலகாமல் நடப்பதே சம்மதம். அவனும் நடையைத் தளர்த்தி, குடையை அவள் பக்கம் சாய்க்க வேண்டும். அவனுடைய ஒரு தோள் மட்டும் நனைந்திருப்பதைக் காட்டினால் போதும், காதலை வாய்விட்டுச் சொல்லும் வசனம் வேண்டாம். கதைசொல்லிக்கு இதில்தான் அதிக இடம் கிடைக்கிறது என்பேன்.

நாயகி நாயகனைச் சுவரோரம் மறிக்கும் தலைகீழ்க் காட்சிகளும் மங்காவில் உண்டு. அங்கேயும் எதிரே நிற்பவன் மனசில் என்ன ஓடுகிறது என்பதை அடுத்த கட்டம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.