காருக்கு அடியில் ஒரு மாவட்டத்தின் வரலாறு

இன்னைக்கு கல்வராயன் மலையிலிருந்து ஒரு அம்பாசடர்ல கீழே இறங்கப்போறோம். பிரேக் இல்லாம.

எங்க பெரியப்பா கள்ளக்குறிச்சியில் வாடகைக் கார் ஓட்டினவர். 1993 வரைக்கும் அந்த ஊர் தென்னாற்காடு மாவட்டம். கலெக்டர் ஆபீஸ் கடலூர்ல, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரம். பட்டா தகராறுன்னா நாலஞ்சு பேர் சேர்ந்து சவாரி பேசுவாங்க. மனு கொடுத்து முடிக்கிற வரைக்கும் வண்டி கடல் காத்துல நிக்கும். மறுநாள் அதே வண்டி கச்சிராயபாளையம் வழியா வெள்ளிமலைக்கு ஏறும். செம்மண் சேறு அடியில அப்பிக்கிட்டு, ஈரத்தை நாள் கணக்கா பிடிச்சு வச்சிருக்கும். அதோட உப்பும் சேர்ந்தா இரும்பு தாங்குமா?

அம்பாசடருக்கு ஜீப் மாதிரி தனி சேசிஸ் கிடையாது. அடித்தகடும் அதை ஒட்டின பெட்டிச் சட்டங்களும்தான் வண்டியைத் தாங்குது. அதனால, அடியில துருன்னா எலும்பிலேயே துருன்னு அர்த்தம்.

அந்தக் காலத்து வைத்தியம் எண்ணெய்தான். வாட்டர் சர்வீஸ்ல அடியைக் கழுவிட்டு, டீசலும் பழைய ஆயிலும் கலந்து அடிப்பாங்க. தண்ணி ஒட்டாது, ஆனா புழுதி ஒட்டும். ரப்பர் புஷ்ஷெல்லாம் ஊறிப்போகும்.

அமெரிக்காவுல பிரச்சினை வேற. பனி உருகறதுக்கு ரோட்டுலயே உப்பைக் கொட்டுவாங்க. கார் நகரமான டெட்ராய்டுக்கு அடியிலேயே உப்புச் சுரங்கம் இருக்கு, பாருங்க! அங்கே கர்ட் ஸீபார்ட்னு ஒரு ஜெர்மன் மெக்கானிக். 1959இல் அவர் பெயரில் தொடங்கிய கம்பெனி, மூடின சட்டங்கள்ல சின்னத் துளை போட்டு உள்பக்கமும் மருந்து அடிச்சது. துரு உள்ளே இருந்துதானே ஆரம்பிக்குது.

பெரியப்பாவுக்குக் கிடைச்சது வெளிப்பூச்சு மட்டும். 1995இல் ஒரு பட்டறையில் தார் மாதிரி கறுப்பா அடிச்சுக் கொடுத்தாங்க. சேறு காயல, துருவைச் சுரண்டல, அதுக்கு மேலேயே அடிச்சாச்சு. தண்ணி வடியிற ஓட்டைகளும் அடைஞ்சுபோச்சு. பார்க்க வண்டி புதுசு மாதிரி இருந்ததாம்.

அடுத்த வருஷம் ஐப்பசி மழை. வெள்ளிமலையிலிருந்து ஒரு கர்ப்பிணியைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வர்றார். பாதி இறக்கத்துல பிரேக் பெடல் தரையைத் தொட்டுடுச்சு. அந்த வண்டியில நாலு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன், ஒரு இடத்துல ஒழுகினா மொத்தமும் போச்சு. கியரைக் குறைச்சு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப்பக்கம் உரசி நிறுத்தியிருக்கார். யாருக்கும் அடியில்லை. அந்த அம்மாவைப் பின்னாடி வந்த பஸ்ல ஏத்தி அனுப்பினார்.

பட்டறையில் தூக்கிப் பார்த்தா, கிளிப் மாட்டின இடத்துல பிரேக் பைப் அரிச்சிருக்கு. கறுப்புப் பூச்சை ஸ்க்ரூடிரைவரால குத்தினா நேரா உள்ளே போகுது.

இப்போ கார் பாடியையே பெயிண்ட் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சித்தான் முதல் பூச்சு போடறாங்க. அதனால நம்ம தலைமுறைக்கு இந்தப் பயம் குறைவு. இருந்தாலும் ஈசிஆர் பக்கம் ஓடின பழைய கார் வாங்கப் போறீங்க, அடியில மட்டும் புதுசா கறுப்பு மின்னுதுன்னா, குனிஞ்சு கொஞ்சம் சுரண்டிப் பாருங்க.

2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாச்சு. பெரியப்பாகிட்ட போன்ல சொன்னேன். "இதை அப்பவே செஞ்சிருந்தா வண்டியை எடைக்குப் போட்டிருக்க வேண்டாமேடா"ன்னார்.