விமானியின் தோற்சட்டையும் திரைநடிகரும்

சட்டை ஒன்றுக்கும் வரலாறு உண்டோ என வினவுவோர் உளர். மன்னரின் முடிக்கும் துறவியின் காவிக்கும் வரலாறு உண்டெனின் ஒரு தோற்சட்டைக்கும் அஃது இருத்தல் கூடும். மேனாட்டுத் திரைப்படங்களைக் கண்டு பழகிய நேயர்கள் அச்சட்டையை நன்கறிவர். கபில நிறத் தோல். கழுத்திலிருந்து இடைவரை ஓடும் ஸிப். மணிக்கட்டையும் இடையையும் இறுகப் பற்றும் கம்பளிப் பின்னல். இருபுறமும் மூடியிட்ட சட்டைப்பைகள். கதாநாயகன் இதனை அணிந்து தோன்றிய அளவிலேயே அவன் அஞ்சாநெஞ்சன் என்பதைக் காண்போர் உணர்ந்துகொள்கின்றனர். ஒருவர் வாய் திறவாமலே அவருடைய வீரத்தைப் பேசும் வல்லமை இத்தோலுக்கு எங்ஙனம் வந்தது?

ஆதியில் இது வீரத்துக்காகத் தைக்கப்பட்டதன்று, குளிருக்காகத் தைக்கப்பட்டது. முதலாம் உலகப்போர்க் காலத்து விமானங்களில் விமானியின் இருக்கைக்கு மேற்கூரை இல்லை. உயரே செல்லச் செல்ல, ஒவ்வோர் ஆயிரம் மீற்றருக்கும் ஏறத்தாழ ஆறரைப் பாகை சதம அளவை வெப்பம் குறையும். அதன்மேல் உந்தியின் காற்று வேறு. கம்பளி எத்துணைத் தடிப்பாயினும் அதனூடே காற்று புகும், தோலினூடே புகாது. எனவே விமானிகள் தோலை நாடினர். அமெரிக்கா போரிற் புகுந்த 1917 ஆம் ஆண்டிலேயே அந்நாட்டு இராணுவம் விமானிகளின் உடையை ஆராய்வதற்கென ஒரு சபையை நிறுவியது.

அந்நாட்டு விமானப்படை 1927 இல் ஏ-1 என்னும் சட்டையை ஏற்றது. அதற்குப் பொத்தான்களே இருந்தன. 1931 மே மாதத்தில் அதன் இடத்தைப் பெற்றது ஏ-2. பொத்தான்களுக்குப் பதிலாக ஸிப் வந்தது. பின்னற் கழுத்துக்குப் பதிலாகச் சட்டைக்கழுத்து வந்தது. பெரும்பாலும் குதிரைத்தோலிலேயே இதனைத் தைத்தனர். இங்கே ஒரு வேடிக்கையைக் கூறுதல் வேண்டும். இராணுவத்தின் ஏட்டில் இது கோடைகாலச் சட்டை என்றே பதியப்பட்டிருந்தது! வெப்பநாட்டு நேயர்களுக்கு இது நகைப்பை விளைவிக்கலாம். ஆயினும் அக்கணக்கிற் பிழையில்லை. இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சு விமானங்கள் இருபத்தையாயிரம் அடிக்கு மேற் பறந்தபோது குளிர் பூச்சியத்துக்குக் கீழ் நாற்பது பாகையைத் தொட்டது. (அந்தப் புள்ளியில் மாத்திரமே சதம அளவையும் பரனைற் அளவையும் ஒரே எண்ணைக் காட்டும் என்பதை மாணவர் நினைவிற் கொள்ளலாம்.) அவ்வுயரத்தில் ஏ-2 சட்டை தனித்து நின்று காக்கவல்லதன்று. செம்மறியாட்டின் உரோமத்தோடு கூடிய தடித்த அங்கிகளும், பின்னர் மின்சாரத்தாற் சூடேற்றும் உடைகளுமே உயிர் காத்தன.

செம்மறியாட்டுத் தோலங்கியென்றால் லெஸ்லி ஏர்வின் என்பவரை மறத்தலாகாது. கலிபோர்னியாவிற் பிறந்த இவர் இளமையில், குழவிப்பருவத்திலிருந்த அமெரிக்கத் திரைப்படத் தொழிலுக்காகப் பலூனிலிருந்து தொங்கியும் குதித்தும் சாகசம் காட்டி வயிறு வளர்த்தவர். 1919 ஏப்ரலில், விமானத்திலிருந்து குதித்து, வெட்டவெளியில் வீழ்ந்துகொண்டே தம் கையாற் கயிற்றை இழுத்துப் பரசூட்டை விரித்து, மனிதன் வீழும்போது அறிவிழப்பான் என்ற அக்கால நம்பிக்கையைப் பொய்யாக்கினார். பின்னர் 1926 இல் இங்கிலாந்தின் லெச்வேத் நகரில் தொழிற்சாலை அமைத்தார். பிரித்தானிய விமானப்படையினர் போர்க்காலத்தில் அணிந்த புகழ்பெற்ற செம்மறித் தோலங்கி அவருடைய பெயராலேயே வழங்குகின்றது. நடிகர்கள் விமானியின் சட்டையைத் தேடிச்செல்வதற்குப் பல்லாண்டு முன்னரே, திரைப்படச் சாகசக்காரர் ஒருவர் விமானிகளுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தார் என்பது நினைவுகூரத்தக்கது.

இனி, குளிரை முழுதும் தடுக்காத ஏ-2 சட்டையை இளைஞர்கள் ஏன் உயிராய்ப் போற்றினர்? அது தகுதியின் சின்னம். பறப்போர்க்கன்றி மற்றையோர்க்கு அது வழங்கப்படுவதில்லை. நிலத்தில் நடக்கும்போதும் அவர்கள் அதனைக் கழற்றவில்லை. இடது மார்பில் பெயர் பொறித்த தோற்பட்டியையும், பிரிவின் இலச்சினையையும் தைத்துக்கொண்டனர். முதுகிலே தம் விமானத்தின் பெயரையும் படத்தையும் வண்ணத்தால் தீட்டுவித்தனர். ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஒரு சிறு குண்டு வரையப்பட்டது. 1943 இல் இங்கிலாந்திலிருந்து சென்ற அமெரிக்கக் குண்டுவீச்சாளர் இருபத்தைந்து பறப்புகளை முடித்தால் தாய்நாடு திரும்பலாம் என்பது விதி. அவ்வாண்டு ஒக்டோபர் 14 இல் ஷ்வைன்பூட் நகரைத் தாக்கச் சென்றவற்றுள் அறுபது விமானங்கள் ஒரே நாளில் அழிந்தன. அவற்றிற் சென்றோர் ஏறத்தாழ அறுநூறு பேர். இருபத்தைந்து சிறு குண்டுகளைத் தன் முதுகிற் காணும் பேறு பலருக்கு வாய்க்கவில்லை.

முதுகெழுத்து துன்பமும் தந்ததுண்டு. அதே ஆண்டின் இறுதியில் ஜேர்மனியின் மேற் சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்ட ஓர் இளம் அதிகாரியின் சட்டையில் அவருடைய விமானத்தின் பெயர் பெரிதாக எழுதப்பட்டிருந்தது. நியூயோர்க்கின் கொலைக்கும்பலொன்றுக்குப் பத்திரிகைகள் இட்டிருந்த பெயர் அது. நண்பர்கள் விளையாட்டாய்ச் சூட்டியது. நாற்சி அரசோ அவரை நிறுத்திப் படம்பிடித்து, தம் நகரங்களின்மேற் குண்டு வீசுவோர் தம்மைக் கொலைஞரென்று தாமே ஒப்புக்கொள்கின்றனர் எனப் பத்திரிகைகளிற் பரப்பியது.

திரையுலகத்தாருள் இச்சட்டையை நடிப்புக்காக அன்றி உரிமையோடு அணிந்தவர்களும் இருந்தனர். கிளார்க் கேபிளின் மனைவி கரோல் லொம்பாட், போர்க்கடன் பத்திரங்களை விற்றுத் திரும்பும் வழியில் 1942 ஜனவரியில் விமான விபத்தில் மாண்டார். அவ்வாண்டிலேயே, தமது நாற்பத்தோராம் வயதில், கேபிள் படையிற் சேர்ந்தார். 1943 இல் இங்கிலாந்தின் போல்புறூக் தளத்திலிருந்து ஐந்து போர்ப்பறப்புகளிற் பங்கு கொண்டார். ஜேம்ஸ் ஸ்ரூவேட் அவரினும் ஒருபடி மேலானவர் எனலாம். அமெரிக்கா போரிற் புகுமுன்னரே, 1941 மார்ச்சில் சேர்ந்த அவர், குண்டுவீச்சு விமானப்பிரிவின் தலைவராய் இருபது பறப்புகளை முடித்து, கேணல் பதவியோடு மீண்டார். தம் போர்ச்சேவையைப் பட விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதை அவர் விரும்பவில்லை. அவ்வடக்கம் பின்வந்தோரிடம் அரிதாயிற்று.

இராணுவம் 1943 இலேயே புதிய தோற்சட்டைகளுக்குக் கட்டளையிடுவதை நிறுத்தித் துணிச்சட்டைகளுக்கு மாறிவிட்டது. போர் முடிந்ததும், வீடு திரும்பியோரின் தோள்களிலும் பழம்பொருட் கடைகளிலும் எஞ்சியவை உலாவின. திரும்பியோருட் சிலர் அமைதி வாழ்வில் மனங்கொள்ளாது மோட்டார் சைக்கிள்களிற் கூட்டமாய்த் திரிந்தனர். 1947 இல் கலிபோர்னியாவின் ஹொலிஸ்ரர் என்னும் சிற்றூரில் அத்தகையோர் விளைவித்த குழப்பமே 1953 இல் மாலன் பிராண்டோ நடித்த திரைப்படத்துக்கு வித்தாயிற்று. அவர் அணிந்தது விமானியின் சட்டையன்று, மோட்டார் சைக்கிளோட்டியின் கருஞ்சட்டை. எனினும் அன்றுமுதல் தோற்சட்டை பணியாமையின் அடையாளமாயிற்று. அப்படத்தைப் பொதுமக்களுக்குக் காட்டப் பிரித்தானியத் தணிக்கையாளர் 1967 வரை இசையவில்லை.

விமானியின் கபிலச் சட்டைக்கு உலகப்புகழ் தேடித்தந்தவர் ஸ்ரீவ் மக்குயின். 1963 இல் வெளிவந்த, போர்க்கைதிகள் தப்பியோடும் கதையில், ஏ-2 சட்டை அணிந்த அமெரிக்கக் கப்ரனாக அவர் மோட்டார் சைக்கிளில் முள்வேலியைத் தாண்டும் காட்சியை மறந்தவர் இலர். வரலாறு கற்போர் இங்கே சற்று நின்று நோக்குதல் வேண்டும். 1944 மார்ச்சில் சாகன் முகாமிலிருந்து சுரங்கவழியே தப்பியோர் எழுபத்தாறு பேர். அவருள் அமெரிக்கப் படையினர் எவரும் இல்லை. அமெரிக்கர் சுரங்கவேலையில் உதவியது உண்மை. ஆனால் அதற்கு முன்பே அவர்கள் வேறு பகுதிக்கு மாற்றப்பட்டனர். மோட்டார் சைக்கிளும் இல்லை, தாவலும் இல்லை. படத்தில் அத்தாவலைச் செய்தவர்கூட மக்குயின் அல்லர், பட் எக்கின்ஸ் என்னும் சாகசக்காரர். மெய்யாகத் தப்பியோருள் எழுபத்து மூவர் பிடிபட்டனர்; ஐம்பதின்மரை ஹிற்லரின் கட்டளைப்படி சுட்டுக் கொன்றனர். படம் அவ்வைம்பதின்மருக்குக் காணிக்கையாக்கப்பட்டிருந்தும், உலகம் மனத்திற் கொண்டது ஒரு சட்டையையும் ஒரு தாவலையுமே.

பழமையை விரும்பும் மனம் பழமையைச் செய்தும் கொள்ளும். புகழ்பெற்ற விமானி அமெலியா ஏர்காட், பறக்கப் பழகுங்காலத்திற் புதிதாய் வாங்கிய தோற்சட்டை புதுமை தோன்றாதிருக்க, அதனை அணிந்தவாறே சில இரவுகள் உறங்கினார் என்பர். இன்று அவ்வுறக்கத்தையும் தொழிற்சாலைகளே முடித்துத் தருகின்றன. யப்பானிலும் இங்கிலாந்திலும் போர்க்காலத் தையலை இழை பிசகாமற் பின்பற்றித் தைப்போர் உளர். 1986 இல் ரொம் குறூஸ் கடற்படை விமானியின் சட்டையிற் பல இலச்சினைகளோடு திரையில் தோன்றிய பின் இத்தொழில் தழைத்தது. 1988 இல் அமெரிக்க விமானப்படையே கைவிட்ட ஏ-2 சட்டையைத் தன் விமானிகளுக்கு மீண்டும் வழங்கத் தொடங்கியது. குறூஸின் சட்டை முதுகில் யப்பானியக் கொடியும் தாய்வான் கொடியும் இருந்தன. 2019 இல் வெளியான தொடர்ப்படத்தின் முன்னோட்டத்தில் அவற்றின் இடத்தில் வேறு சின்னங்கள் காணப்பட்டன. சீன முதலீடே காரணம் எனப் பலர் ஐயுற்றனர். 2022 இற் படம் திரைக்கு வந்தபோது கொடிகள் பழையபடியே இருந்தன. ஒரு சட்டையின் முதுகு அரசுகளின் கவனத்துக்கும் உரியதாயிற்று!

போர்க்காலத்து மெய்ச்சட்டைகளைத் தேடிச் சேர்ப்போர் முதலில் நோக்குவது வண்ணப்படத்தை அன்று. இடது மார்பிலுள்ள பெயர்ப்பட்டியை. பட்டி கழன்றுபோன இடத்திலும் தையலின் துளைகள் எஞ்சியிருக்கும். பெயர் கிடைப்பின் படைப்பதிவேடுகளில் தேடுவர். சிலருடைய பெயர்கள் இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜ் நகருக்கு அண்மையில், மடிங்லியிலுள்ள அமெரிக்கப் போர்க்கல்லறையின் நீண்ட சுவரிலே கிடைக்கின்றன. கடலிலும் வானிலும் மறைந்து, உடல் கிடையாதோரின் சுவர் அது. 1944 டிசம்பரிற் கால்வாயைக் கடக்கையில் விமானத்தோடு காணாமற்போன இசைவாணர் கிளென் மில்லரின் பெயரும், மற்றையோர் பெயர்களோடு ஒரே அளவு எழுத்தில், அங்கே பொறிக்கப்பட்டுள்ளது. அச்சுவரில் மொத்தம் 5,127 பெயர்கள் உள.