மனச்சோர்வின் கடுமையை அளப்பது எப்படி?

காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் உண்டு. சர்க்கரைக்கு இரத்தப் பரிசோதனை உண்டு. மனச்சோர்வுக்கு (டிப்ரஷன்) அப்படி எதுவும் இல்லை. கேள்விகள்தாம் அதற்கு அளவுகோல். அந்த மதிப்பெண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருப்பது அவசியம்.

மருத்துவர் மதிப்பிடுபவை

மனநல மருத்துவர் மேக்ஸ் ஹாமில்டன் 1960இல் வெளியிட்ட அளவுகோல் இன்றும் புழக்கத்தில் உள்ளது. மருத்துவர் நோயாளியிடம் பேசி, 17 அம்சங்களுக்கு மதிப்பெண் இடுவார். மொத்தம் 52. 7 வரை இயல்புநிலை என்பது வழக்கம். இதில் தூக்கத்துக்கு மட்டும் 3 அம்சங்கள் இருப்பதால், மருந்தால் தூக்கம் வந்தாலே மொத்த மதிப்பெண் இறங்கிவிடும்; கவலை அப்படியே இருக்கக்கூடும். 1979இல் வந்த மான்ட்கோமரி–ஆஸ்பெர்க் அளவுகோல், சிகிச்சையால் வரும் மாற்றத்தை நுட்பமாகக் காட்டுவதற்கென்றே உருவாக்கப்பட்டது. இதில் 10 அம்சங்கள்; மொத்தம் 60.

நோயாளியே நிரப்புபவை

ஆரோன் பெக் 1961இல் வெளியிட்ட வினாப்பட்டியலில் 21 பகுதிகள் உள்ளன. இன்று பரவலாகப் பயன்படும் பி.எச்.கியூ-9 படிவம் கடந்த 2 வாரங்களைப் பற்றி 9 கேள்விகள் கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. 5 முதல் இலேசானது, 10 முதல் நடுத்தரம், 15 முதல் சற்றுக் கடுமை, 20 முதல் கடுமை.

பிரசவித்த தாய்க்குத் தூக்கமும் பசியும் மாறுவது இயல்பு. எனவே உடல் அறிகுறிகளைப் பெரும்பாலும் தவிர்த்து, 1987இல் எடின்பரோ அளவுகோல் தனியாக உருவானது. இதே காரணத்தால், ரமலானில் படிவம் நிரப்புவோர் தாம் நோன்பிருப்பதையும் ஸஹருக்கு எழுவதையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

நாம் கவனிக்க வேண்டியவை

மதிப்பெண் மட்டுமே நோயை முடிவு செய்யாது. தைராய்டு குறைபாடு போன்றவையும் இதே அறிகுறிகளைத் தரும். மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

பெண்களுக்காகக் கணவரோ மாமியாரோ பதில் சொல்லக் கூடாது. அவர் தனியாகப் பேச இடம் கொடுக்க வேண்டும்.

மிக முக்கியமானது, பி.எச்.கியூவின் 9ஆவது கேள்வி. ‘செத்துவிட்டால் நல்லது’ என்ற எண்ணமோ, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ வந்ததா என்று அது கேட்கிறது. தற்கொலை ஹராம் என்று அறிந்தவர், எண்ணம் வந்ததையே பாவமாகக் கருதி ‘0’ போட்டுவிடுவதுண்டு. மனதில் தானாக எழும் எண்ணத்துக்காக யாரும் குற்றம் பிடிக்கப்படுவதில்லை. இதை மதரஸாவில் நாம் படித்திருக்கிறோம். மருத்துவரிடம் அதைச் சொல்வது சிகிச்சை தேடுவதாகும். ‘ஈமான் குறைந்துவிட்டது’ என்று வீட்டார் சொல்லும் ஒரு வார்த்தை, அவர் வாயை அடைத்துவிடும்.

மொத்தம் 6ஆக இருந்தாலும் 9ஆவது கேள்விக்கு ‘0’ வராவிட்டால், அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் பேச வேண்டும். இந்தியாவில் அரசின் டெலி மானஸ் உதவி எண்: 14416.