கே.ஜி.கண்டிகையிலிருந்து ஒரு கணக்கு: காவல், கஜானா, பள்ளிக்கூடம்

ஒவ்வோர் ஆண்டும் கோட்டையில் நிதிநிலை அறிக்கை வாசிக்கப்படும்போது நாம் மூன்று செய்திகளைத் தனித்தனியாகப் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். காவல்துறைக்கு இவ்வளவு, பள்ளிக் கல்விக்கு இவ்வளவு, ஆதிதிராவிடர் நலத்துக்கு இவ்வளவு. தொலைக்காட்சி விவாதங்களிலும் இவற்றுக்குத் தனித்தனி ஆட்கள். ஆனால் சேரி மக்களைப் பொறுத்தவரை இந்த மூன்றையும் அரசு ஒருபோதும் பிரித்துப் பார்த்ததில்லை. நூறாண்டுகளுக்கு முன்பே அவை ஒரே அலுவலகத்தில், ஒரே அதிகாரியின் மேசையில் இருந்தன. அந்த வரலாற்றைத் திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகையில் உட்கார்ந்து எழுதக் காரணம் இருக்கிறது. மாநில அரசு என்ற ஒன்று ஒரு குழந்தையின் வாழ்க்கையை எப்படி மாற்றும் என்பதை, ஏழே ஆண்டுகளில் இரண்டு மாநிலங்களுக்குக் கைமாறிய இந்த எல்லைப் பகுதி நன்றாகவே பார்த்திருக்கிறது.

1891-இல் செங்கல்பட்டின் பொறுப்பு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். நம் தோழர்கள் பலர் அதைப் பஞ்சமி நிலத்தோடு மட்டும் சேர்த்து நினைவு வைத்திருக்கிறார்கள். அதில் இன்னொன்றும் இருக்கிறது. சேரிக்காரனின் குடிசை நிற்கும் மனையே மிராசுதாரின் கையில் இருந்தது. கூலி கேட்டாலும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினாலும் மனையைக் காலி செய்யச் சொல்லலாம். அப்படியானால் நிலம் இல்லாமல் பள்ளி இல்லை. திரமென்ஹீர் கேட்டதில் பெரும்பகுதியை வருவாய் வாரியம் நீர்த்துப்போகச் செய்தது. மிஞ்சியதில் பிறந்தவைதான் 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட அரசாணை 1010 மற்றும் 1010-ஏ. அடுத்த ஆண்டு, 1893 பிப்ரவரி 1-இல், கல்வித்துறையின் அரசாணை 68 வந்தது. பெரிய சேரிகளில் தனிப் பள்ளிகள், பள்ளிக் கட்டடத்துக்குப் புறம்போக்கு நிலம், ஆசிரியப் பயிற்சிக்கு வருவோருக்கு உதவித்தொகை என்று அது பேசியது.

இங்கே திருத்தணிக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பகுதி அன்று கார்வேட்டிநகர் ஜமீனில் இருந்தது. அரசு தன் கையில் இருக்கும் தரிசைத்தான் ஒப்படை செய்ய முடியும், ஜமீன் நிலத்தில் அதன் கை நீளாது. பஞ்சமி நிலம் மொத்தம் 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் சொல்லும் கணக்கைக் கேட்டுவிட்டு, நம் ஊர்ப் பதிவேட்டில் அதைத் தேடி ஏமாந்து திரும்பும் இளைஞர்களை நாம் பார்த்திருக்கிறோம். ஜமீன்களை ஒழிக்கும் சட்டம் 1948-இல்தான் வந்தது. அதற்குள் நல்ல நிலத்துக்கெல்லாம் ஆள் ஏறியாயிற்று.

பள்ளி விஷயத்துக்கு வருவோம். அரசாணை போட்டதோடு கதவு திறந்துவிடவில்லை. பொதுப்பணத்தில் நடந்த பள்ளிகள் அக்ரகாரத்திலும் சாவடியிலும் கோயில் மண்டபத்திலும் இருந்தன. அங்கே நம் பிள்ளை எப்படிப் போவான்? பள்ளியை இடம் மாற்றுவதைவிடப் பிள்ளைகளை இடம் மாற்றுவது அரசுக்கு எளிதாக இருந்தது. 1919-இல் ஜார்ஜ் பாடிசன் என்ற அதிகாரி தாழ்த்தப்பட்ட மக்களின் நிலையை ஆராயச் சிறப்பு அலுவலராக அமர்த்தப்பட்டு, 1920-இல் முதல் தொழிலாளர் ஆணையரானார். இன்றைய ஆதிதிராவிடர் நலத்துறையின் பாட்டனார் அந்தத் தொழிலாளர் துறைதான். வீட்டுமனை, கிணறு, கூட்டுறவுச் சங்கம், உதவித்தொகை, தனிப் பள்ளி எல்லாம் அதன் வேலை.

அதே துறையின் இன்னொரு அலமாரியில் என்ன இருந்தது தெரியுமா? குற்றப் பரம்பரைக் குடியிருப்புகள். கள்ளர் சீரமைப்பு. 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பிறப்பாலேயே குற்றவாளி என்று பதியப்பட்டு, கைரேகை கொடுத்து, இரவில் நிலையத்தில் படுக்க வைக்கப்பட்ட மக்களின் ‘சீர்திருத்தம்’. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் கைரேகைப் பதிவை எதிர்த்தவர்கள் மீது காவல்துறை சுட்டதில் ஒரு பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். அந்தத் துப்பாக்கிச் சூடும் தொழிலாளர் துறையின் தொடக்கமும் ஒரே ஆண்டு. அடிப்பது ஒரு கை, பள்ளி கட்டுவது இன்னொரு கை, இரண்டுக்கும் செலவெழுதிய பேனா ஒன்றுதான். தீண்டாமைக்கு ஆளானவரும் குற்றப் பரம்பரையாகப் பதியப்பட்டவரும் சமூகப் படியில் ஒரே இடத்தில் இல்லை, அதை நாம் மறக்கவில்லை. அரசின் பார்வையில் இருவரும் ‘கண்காணித்துத் திருத்த வேண்டியவர்கள்’ என்ற ஒரே தலைப்பில் வந்தார்கள், அவ்வளவுதான். உரிமை என்ற சொல் அந்தக் கோப்பில் இல்லை.

சட்டமன்றத்தில் அந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர்கள் நம்மவர்கள். எம்.சி.ராஜாவின் முயற்சியால் 1922 மார்ச் 25-இல் வந்த அரசாணை 817, பறையர், பஞ்சமர் என்ற இழிபெயர்களை அரசு ஆவணத்திலிருந்து நீக்கி ஆதிதிராவிடர் என்று எழுத வைத்தது. இரட்டைமலை சீனிவாசனும் வீரையனும் பொதுச்சாலை, பொதுக்கிணறு உரிமைக்காக 1924-இல் சட்டமன்றத்தில் போராடினார்கள். 1949-இல் தனியாக அரிசன நலத்துறை வந்தது. பெயர்கள் மாறிக்கொண்டே வந்தன.

இந்த இடத்தில் எல்லைக் கதை குறுக்கிடுகிறது. 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது திருத்தணி அதில் சேர்ந்தது. 1953 அக்டோபர் 1-இல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூரோடு சேர்ந்து அங்கே போயிற்று. ம.பொ.சி. நடத்திய எல்லைப் போராட்டத்தையும் படாஸ்கர் பரிந்துரையையும் நம் ஊரில் பெருமையாகச் சொல்வார்கள், சொல்லட்டும். 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. ஆனால் அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் சென்னை மாநிலத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். ராஜாஜியின் அரைநாள் பள்ளித் திட்டம் கைவிடப்பட்டது. 1954-இல் காமராசர் முதல்வரானார். 1956-இல் பள்ளி மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. கிராமந்தோறும் தொடக்கப்பள்ளி திறக்கப்பட்ட காலம் அது. தமிழ்நாடு முழுவதும் நம் தாத்தா பாட்டிமார் ‘காமராசர் சோறு போட்டார், படிச்சோம்’ என்று சொல்லும் அந்த ஆண்டுகளில், கண்டிகைச் சேரிப் பிள்ளைகள் வேறொரு மாநிலத்தின் வரவு செலவுக் கணக்கில் இருந்தார்கள். மொழிக்காக நடந்த பேரத்தில் இந்த இழப்பை யாரும் எழுதவில்லை. ஆசிரியர் தினத்துக்கு உரியவரான ராதாகிருஷ்ணன் பிறந்த மண் என்று மட்டும் எழுதுகிறார்கள்.

எல்லை இன்றும் கடிக்கிறது. பட்டியல் சாதிப் பட்டியல் மாநிலவாரியானது. நகரியிலிருந்தோ புத்தூரிலிருந்தோ இங்கே வாழ வந்த பெண், அதே சாதியாக இருந்தாலும், பிறந்த மாநிலத்துச் சான்றிதழைக் காட்டி இங்கே இடஒதுக்கீடு கேட்க முடியாது. பத்து கிலோமீட்டரில் தீண்டாமை மாறுவதில்லை, சான்றிதழ் மட்டும் செல்லாமல் போகிறது.

இனி கஜானா. மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்பத் திட்ட நிதியைப் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்க வேண்டும் என்ற சிறப்புக்கூறுத் திட்டம் 1979-80-இல் வந்தது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நாம் நூற்றுக்கு 20 பேர். நிதிநிலைப் புத்தகத்தில் 789 என்ற சிறுதலைப்பைத் தேடினால் அந்தப் பணம் எங்கே போகிறது என்று பார்க்கலாம். தோழர்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். எல்லோருக்கும் பொதுவான திட்டத்தில் நம் ஆட்கள் இத்தனை பேர் என்று கணக்கிட்டு, அந்தப் பங்கை 789-இல் எழுதிவிடுவது பழைய உத்தி. மகளிர் உரிமைத் தொகைக்கு இந்த நிதி காட்டப்பட்டது பற்றி 2023-இல் தேசிய ஆணையமே தமிழக அரசிடம் விளக்கம் கேட்டது. ஆயிரம் ரூபாய் நம் பெண்களுக்கும் வரட்டும், அது அவர்கள் உரிமை. ஆனால் எல்லோருக்கும் பொதுக் கஜானாவிலிருந்து வருவது நமக்கு மட்டும் ஏன் நம் பங்கிலிருந்தே வர வேண்டும்?

இந்த நிதியைக் காக்கும் சட்டத்தை ஆந்திரம் 2013-இல் இயற்றியது. சமூகநீதி மண் என்று மேடைதோறும் சொல்லும் தமிழ்நாடு 2024-இல் இயற்றியது. பதினோரு ஆண்டுகள். இடையில் நல விடுதிகளில் பள்ளி மாணவருக்கான உணவுப்படி மாதம் 1,000 ரூபாயாகக் கிடந்து, 2023-இல்தான் 1,400 ஆனது. மூன்று வேளைக்குச் சேர்த்து நாளுக்கு 47 ரூபாய்கூட இல்லை.

நீதிக்கும் இதே கதைதான். 1985 காரம்சேடு, 1991 சுண்டூர் இரண்டும் ஆந்திரத்தில் நடந்த படுகொலைகள். காரம்சேட்டுக்குப் பின் எழுந்த போராட்டம் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு ஒரு முக்கியக் காரணம். சுண்டூர் மக்கள் விசாரணையைத் தங்கள் ஊரிலேயே நடத்த வைத்தார்கள். 2007-இல் 21 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது, 2014-இல் உயர்நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது. இங்கே 1994 அக்டோபர் 10 அன்று, காரணைப் பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் திரண்ட மக்கள் மீது காவல்துறை சுட்டது. ஜான் தாமசும் ஏழுமலையும் மாண்டார்கள். திருத்தணியும் அன்று அதே மாவட்டம்தான். மேலவளவில் 1997-இல் ஊராட்சித் தலைவர் முருகேசன் உட்பட ஆறு பேரைக் கொன்ற வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்களில் மூவர் 2008-இலும், 13 பேர் 2019-இலும் முன்விடுதலை ஆனார்கள். இரண்டு வெவ்வேறு கட்சிகளின் ஆட்சி, ஒரே கருணை. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த வழக்கில், இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு சிபிசிஐடி அதே மக்களில் மூவரைக் குற்றவாளிகளாகக் காட்டியது. வழக்கு சிறப்பு நீதிமன்றத்தை விட்டே போனது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வன்கொடுமைக்கு ஆளானவருக்குத் தரும் நிவாரணம் ஆதிதிராவிடர் நலத்துறை வழியாக வருகிறது. பல குற்றங்களுக்கு அது முதல் தகவல் அறிக்கையில் ஒரு பங்கு, குற்றப்பத்திரிகையில் ஒரு பங்கு, தண்டனையில் மீதி என்று வருகிறது. 60 நாளில் தாக்கல் செய்ய வேண்டிய குற்றப்பத்திரிகையைக் காவல்துறை இழுத்தடித்தால் நலத்துறைப் பணமும் நின்றுபோகும். அந்தப் பணத்தை நம்பி ஊரைவிட்டு வந்த குடும்பத்தின் பிள்ளை பள்ளியை விட்டு நிற்பான். பாடிசன் காலத்து மேசை இன்னும் அப்படியே இருக்கிறது.

2023 நிதிநிலை அறிக்கையில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் உட்பட எல்லாவற்றையும் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்பதாக அறிவித்தார்கள். நாங்குநேரியில் மாணவனை வெட்டிய கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழுவும் 2024 ஜூனில் தந்த அறிக்கையில் அதையே சொன்னது, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்கவும் சொன்னது. நாம் இணைப்பை எதிர்க்கவில்லை. ‘அரிசனப் பள்ளி’ என்று ஊரார் கேலி பேசும் பலகையைச் சுமந்து படித்தவர்கள் நாம். ஆனால் இணைப்பதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வேண்டும். அந்தப் பள்ளிகளின் நிலமும் கட்டடமும் யார் பெயருக்குப் போகும்? ஆசிரியர் சம்பளம் இனியும் 789-இல் எழுதப்படுமா, பொதுக் கல்வி நிதியிலிருந்து வருமா? அப்படி மிச்சமாகும் தொகை விடுதிக்கும் உயர்கல்விக்கும் வருமா?

முதல்வர் தலைமையிலான கண்காணிப்புக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை, சனவரியிலும் சூலையிலும் கூட வேண்டும் என்பது 1995-ஆம் ஆண்டு விதி. மாவட்டக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. கோட்ட அளவிலும் குழு உண்டு, நமக்கு அது திருத்தணி. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க வேண்டியது எளிது: கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை கூட்டம், எந்தத் தேதி, யார் வந்தார்கள், நிலுவையில் எத்தனை நிவாரணம். மாதிரி மனுவைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறோம். கண்டிகை, திருத்தணி, பள்ளிப்பட்டுத் தோழர்கள் வாங்கிக்கொண்டு போய்க் கையெழுத்திட்டு அனுப்புங்கள். ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள், மேல்முறையீட்டுக்கு அது வேண்டும்.