குறை யாருடையது?

நேற்று செய்த நூறு உருப்படிகளில் ஐந்து பழுது, இன்று எட்டு. தொழிற்சாலையின் மேலாளராக நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? இயந்திரத்தை மாற்றி அமைப்பீர்களா? தொழிலாளியைக் கண்டிப்பீர்களா?

இக்கேள்விக்கு அறிவியல் முறையில் விடை கண்டவர் வால்ட்டர் ஷூஹார்ட் (1891–1967) என்ற அமெரிக்க இயற்பியலாளர். தொலைபேசிக் கருவிகளைச் செய்துவந்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியில் 1918இல் அவர் பொறியாளராகச் சேர்ந்தார். சிகாகோ அருகிலிருந்த அதன் ஹாதார்ன் தொழிற்சாலையில், பொருளைச் செய்து முடித்த பின் சோதித்துப் பழுதானவற்றை ஒதுக்குவதே தரம் காக்கும் வழியாக இருந்தது. பழுது ஏன் வந்தது என்பதை அச்சோதனை சொல்லாது.

1924 மே 16 அன்று ஷூஹார்ட் தம் மேலதிகாரிக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். அது சுமார் ஒரு பக்கமே; அதிலும் ஒரு பகுதி வரைபடம். நவீனத் தரக்கட்டுப்பாட்டின் தொடக்கம் அதுவே எனலாம்.

அவர் கண்ட உண்மை இதுதான்: எந்த வேலையிலும் ஏற்ற இறக்கம் உண்டு, அதற்குரிய காரணங்கள் இரு வகை. எப்போதும் உள்ள பல சிறு காரணங்கள் சேர்ந்து தற்செயலாக விளைவிப்பது ஒன்று. தேய்ந்த கருவி, மட்டமான மூலப்பொருள் போன்ற தனிக் காரணத்தால் விளைவது மற்றொன்று. இவற்றைப் பிரித்தறிய, சராசரிக்கு மேலும் கீழும் திட்ட விலக்கத்தைப் போல் மும்மடங்கு தொலைவில் எல்லைக் கோடுகளை வரைந்தார். கோட்டைத் தாண்டும் புள்ளிக்குத் தனிக் காரணத்தைத் தேட வேண்டும். உள்ளே அடங்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் இயந்திரத்தைத் திருகினால் ஏற்ற இறக்கம் மேலும் பெருகும்.

நம் கணக்கைப் பாருங்கள். நூற்றுக்கு ஐந்து என்பது நீண்டநாள் சராசரியானால், மேல் எல்லை ஏறத்தாழ 11.5. எட்டு அதற்குள் அடங்குகிறது. அப்படியானால் அந்த எட்டை மட்டும் காட்டித் தொழிலாளியைக் குறைகூற இடமில்லை. ஐந்தே அதிகம் என்று தோன்றினால், செய்முறையையே திருத்த வேண்டும்; அது நிர்வாகத்தின் பொறுப்பு.

இதை விளக்க எட்வர்ட்ஸ் டெமிங் என்ற புள்ளியியலாளர் ஒரு சோதனை நடத்துவார். ஐந்தில் ஒரு பங்கு சிவப்பு மணிகள் கலந்த பெட்டியிலிருந்து, ஐம்பது குழிகள் கொண்ட பலகையால் ஒவ்வொருவரும் மணிகளை அள்ள வேண்டும். சிவப்பு மணி பழுது. குறைவாக எடுத்தவருக்குப் பாராட்டு. அதிகம் எடுத்தவருக்குக் கண்டனம்! பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் பெட்டியில் சிவப்பு மணியைக் கலந்தவர் தொழிலாளி அல்லவே!

1947–48இல் மகலனோபிஸின் அழைப்பை ஏற்று ஷூஹார்ட் இந்தியா வந்து இம்முறையைப் பரப்பினார். 1950இல் டெமிங் இதை ஜப்பானியப் பொறியாளர்களுக்குக் கற்பித்தார்.

அளவீடு இல்லாமல் தரத்தை அறிய முடியாது. ஆனால் ஒருநாள் எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது அறிவியலும் ஆகாது, நீதியும் ஆகாது.