பிளைட்டி: அயல்நாடு தாய்நாடான சொல்

பிளைட்டி என்பது பிரித்தானியர் தம் தாய்நாட்டைச் செல்லமாகக் குறிக்கும் கொச்சைப் பெயர். கேட்பதற்கு ஆங்கிலம் போல ஒலித்தாலும் இது இந்தியப் படைமுகாம்களில் பிறந்தது.

இதன் மூலம் 'விலாயத்' என்னும் அரபுச் சொல். ஆட்சி, ஆட்சிக்குட்பட்ட மாகாணம் என்பன அதன் பழைய பொருள். பாரசீகம் வழியாக இந்துஸ்தானிக்கு வந்து அயல்நாட்டையும், பின்னர் குறிப்பாக இங்கிலாந்தையும் குறிக்கலாயிற்று. அங்கிருந்து வந்த ஆளும் பொருளும் 'விலாயத்தி'. வகரம் பகரமாகும் வட்டார வழக்கில் 'பிலாயத்தி'. வங்காளத்தில் தக்காளிக்கு வழங்கிய பெயர் 'பிலாத்தி பேகுன்', அதாவது சீமைக் கத்தரிக்காய்.

சீமை என்ற நம் சொல்லும் இதே வழியில் நடந்ததுதான். எல்லை, நாட்டுப்பகுதி என்பது அதன் பொருள். சிவகங்கைச் சீமை என்பதில் அது இன்றும் நிற்கிறது. வெள்ளையர் காலத்தில் அதுவே இங்கிலாந்தைக் குறித்தது. சீமைத்துரை, சீமைச் சரக்கு, சீமையெண்ணெய் எல்லாம் அப்படி வந்தவை.

ஆங்கிலோ-இந்தியச் சொற்களின் அகராதியான 'ஹாப்சன்-ஜாப்சன்' 1886இல் வெளிவந்தது. 'பிலாயத்தி பானி' என்றால் சோடா என்று அதில் பதிவாகியுள்ளது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான ஆர்தர் பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். நூல் அச்சேறுமுன், 1882இல், அவர் காலமாகிவிட்டார்.

இந்தியாவில் ஆண்டுக்கணக்கில் தங்கிய வெள்ளைச் சிப்பாய், கடைத்தெருவிலும் பணியாட்களிடமும் இந்துஸ்தானியைக் காதால் கேட்டே கற்றான். 'தேக்கோ' அவன் வாயில் 'டெக்கோ' ஆயிற்று. 'குஷி' 'குஷ்ஷி' ஆகி நோகாத வேலையைக் குறித்தது. பிலாயத்தி பிளைட்டியாயிற்று. இதில் ஒலி திரிந்தது பெரிதல்ல, பொருள் தலைகீழானதுதான் வியப்பு. இந்தியருக்கு அயலான் ஊர் என்ற சொல்லை, அந்த அயலானே தன் சொந்த ஊருக்குப் பெயராக எடுத்துக்கொண்டான்.

முதல் உலகப்போர் வரை இது பெரும்பாலும் நிரந்தரப் படையினரின் பேச்சு. 1914இல் அவர்கள் பிரான்சுக்குச் சென்றனர். பின்னால் தொண்டர்களும், 1916இல் கட்டாய ஆட்சேர்ப்பில் வந்தவர்களும் பதுங்குகுழிகளில் சேர்ந்தனர். இந்தியாவைக் கண்ணால் காணாத எழுத்தரும் சுரங்கத் தொழிலாளியும் பழைய சிப்பாய்களிடமிருந்து இச்சொல்லைக் கற்றனர். அக்குழிகளில்தான் அதற்கு மிகத் துயரமான பொருள் ஏற்பட்டது. உயிரைப் பறிக்காமல், ஆனால் ஊருக்கு அனுப்பிவைக்கும் அளவுக்குக் கடுமையான காயம் 'பிளைட்டிக் காயம்' எனப்பட்டது. சுருக்கமாக 'ஒரு பிளைட்டி'. கையிலோ காலிலோ குண்டு பட்டவனைப் பார்த்து மற்றவர்கள் பொறாமைப்பட்டார்கள். அதற்காகத் தன்னைத்தானே சுட்டுக்கொண்டவர்களும் உண்டு. படைச்சட்டத்தில் அது தண்டனைக்குரிய குற்றம்.

அதே போர்முனையில் 1914 இறுதியிலிருந்து இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர். அவர்களில் காயமுற்ற பலர் இங்கிலாந்தின் பிரைட்டன் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்; அங்கிருந்த பழைய அரண்மனை இந்தியருக்கான மருத்துவமனையாக்கப்பட்டிருந்தது. காயம்பட்ட ஆங்கிலேயன் பிளைட்டிக்குப் போனால் வீடு சேர்ந்தான். பஞ்சாபி விலாயத்துக்குப் போனால் வீட்டிலிருந்து இன்னும் தொலைவுக்குப் போனான்.

1916இல் 'பிளைட்டி' என்ற பெயரில் படையினருக்கு ஓர் இதழ் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் இச்சொல்லைத் தலைப்பில் கொண்ட இசையரங்குப் பாடலொன்றும் புகழ்பெற்றது. தோளோடு தோள் நின்று போரிட்ட ஆஸ்திரேலியரும் கனடியரும் தம் கடிதங்களில் இங்கிலாந்தை இப்படியே எழுதினர். தம் நாடு அதுவன்று என்பதால் அவர்கள் வாயில் சொல் பாதி பழைய பொருளுக்கே திரும்பியது என்று சொல்லலாம்.

இன்று வெளிநாடுகளில் வாழும் பிரித்தானியர் புன்னகையோடு சொல்லும் சொல் இது. பிளைட்டிக் காயம் என்ற தொடர் போர் வரலாற்று நூல்களில் மட்டும் தங்கிவிட்டது.